சுழலும் படத்தைப் பார்த்துப் பழங்காசு வாங்கலாமா?

அம்மாப்பேட்டை காசுப்பெட்டி எழுதியது:

வணக்கம். ஆன்லைனில் பழங்காசு வாங்கிப் பழக்கமுள்ளவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள். இதுவரை கண்காட்சிகளிலும் தெரிந்த வியாபாரிகளிடமும் நேரில் போய், காசைக் கையில் வாங்கி, லூப் என்கிற உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து, ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறேன். இப்போது ஆன்லைனில் இரண்டு காசு கண்ணில் பட்டு, மனசு அதையே சுற்றுகிறது.

ஒன்று வெளிநாட்டு வியாபாரி ஒருவரிடம் இருக்கும் ரோமானிய வெள்ளிக்காசு, திபேரியஸ் காலத்துத் தெனாரியஸ். முன்பக்கம் இலைமாலை சூடிய மன்னன் தலை, பின்பக்கம் கோலும் கிளையும் பிடித்து உட்கார்ந்திருக்கும் பெண். இன்னொன்று தமிழ்நாட்டிலேயே ஒருவர் விற்கும் ராஜராஜன் செப்புக்காசு. இரண்டுக்கும் சாதாரணப் படங்களோடு சுழலும் வீடியோவும் போட்டிருக்கிறார்கள். தெனாரியஸ் விளிம்பில் நின்றபடி ஒரு முழுச் சுற்று சுற்றுகிறது. தலை, விளிம்பு, பின்பக்கம், மறுபடி விளிம்பு என்று எல்லாம் வருகிறது. ராஜராஜன் காசு படுத்த வாக்கில் அப்படியே வட்டமாகச் சுற்றுகிறது.

பார்க்க நன்றாக இருக்கிறது, சரி. ஆனால் இதிலிருந்து எதைத் தெரிந்துகொள்வது என்றுதான் புரியவில்லை. வீடியோ இருந்தால் அசல் என்று நம்பலாமா? இன்னொரு குழப்பம்: தெனாரியஸின் சாதாரணப் படத்தில் மன்னன் கன்னத்தில் சின்னப் பள்ளம் ஒன்று தெரிகிறது, வீடியோவில் அதே இடம் மேடாகத் தெரிகிறது. எதை நம்புவது?


செவ்வாய்ப்பேட்டை பட்டறை எழுதியது:

தம்பி, நான் கொலுசுப் பட்டறைக்காரன், வெள்ளியோடுதான் பிழைப்பு. ரோமானிய வரலாறெல்லாம் மற்றவர்கள் சொல்லட்டும், நான் உலோகத்தை மட்டும் சொல்கிறேன்.

மன்னன் முகத்தை விட்டுவிட்டு விளிம்பைப் பாருங்கள். விற்கிறவர்கள் சாதாரணப் படத்தில் விளிம்பைக் காட்டுவதே அபூர்வம், சுழலும் படத்தில் உங்களுக்குக் கிடைக்கிற பெரிய லாபமே அதுதான். வார்த்து எடுத்த போலி என்றால் இரண்டு பாதி அச்சு சேர்ந்த இடத்தில் விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு விழும். அதை மறைக்க அரம் போடுவார்கள், அரம் போட்டால் அதன் கீறல் ஒரே திசையில் வரிசையாக நிற்கும். உருகிய உலோகம் உள்ளே போன வாயை வெட்டி எடுத்த இடமும் ஓரத்தில் எங்காவது தட்டையாகத் தெரியும். ஆனால் அந்தக் காலத்திலும் காசடிக்கும் வில்லையை வார்த்துத்தான் எடுத்திருக்கிறார்கள், அதனால் ஒரு வெட்டுத் தடத்தைப் பார்த்ததும் போலி என்று முடிவு கட்டாதீர்கள். சுற்றிலும் ஒரே சீராக ராவி மழமழவென்று இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

அடுத்தது வெடிப்பு. சுத்தியலால் அடித்த காசில் விளிம்பிலிருந்து உள்நோக்கி வெடிப்பு ஓடுவது சகஜம். நிஜ வெடிப்பு என்றால் உலோகம் கிழிந்திருக்கும், வாய் கூர்மையாக இருக்கும், காசு எந்தப் பக்கம் திரும்பினாலும் அதன் உள்ளே இருட்டு இருட்டாகவே நிற்கும். வெடித்த காசை வைத்து அச்செடுத்து வார்த்தால் அந்த வெடிப்பும் கூடவே வரும், ஆனால் உதடுகள் மழுங்கி, அடி மூடிப்போயிருக்கும். காசு சுற்றும்போது ஏதாவது ஒரு கோணத்தில் வெளிச்சம் உள்ளே போய் அந்த அடி பளிச்சென்று தெரிந்துவிடும். ஒற்றைப் படத்தில் இரண்டும் ஒரே கறுப்புக் கோடுதான், இதைப் பிரித்துக் காட்ட காசு அசைய வேண்டும்.

அப்புறம் வெள்ளி முலாம். உள்ளே செம்பு, மேலே வெள்ளித் தோல் என்று ரோமானியர் காலத்திலேயே கள்ளக்காசு அடித்திருக்கிறார்கள். தோல் விட்டுப்போகிற இடம் பெரும்பாலும் விளிம்பும் மூக்கு, புருவம் போன்ற மேடுகளும்தான். அங்கே பச்சைக் களிம்போ சிவப்போ எட்டிப் பார்க்கிறதா என்று வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். அந்தக் கள்ளக்காசையும் விரும்பிச் சேர்க்கிறவர்கள் உண்டு, ஆனால் முழு வெள்ளிக்கான விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது.


சேர்வராயன் லென்ஸ் எழுதியது:

பட்டறை அண்ணன் விளிம்பை முடித்துவிட்டார், நான் வெளிச்சத்தைச் சொல்கிறேன். ஏற்காட்டில் படமெடுப்பதுதான் தொழில், சின்னப் பொருள்களை மேக்ரோவில் எடுப்பது கூடுதல் ஆர்வம்.

முதலில் அந்தப் பள்ளமா மேடா விவகாரம். வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று நம் மூளை தானாக எடுத்துக்கொள்ளும். படத்தில் வெளிச்சம் கீழிருந்து வந்திருந்தால் பள்ளம் மேடாகவும் மேடு பள்ளமாகவும் தலைகீழாகத் தெரியும். இதைத் தீர்க்க ஒரு வழி இருக்கிறது. மன்னன் மூக்கு கட்டாயம் மேடு, அதில் சந்தேகமில்லை. வீடியோவை ஒரு இடத்தில் நிறுத்தி, மூக்குக்கு எந்தப் பக்கம் நிழல் விழுகிறது என்று பாருங்கள். கன்னத்துப் புள்ளியின் நிழலும் அதே பக்கம் என்றால் அது மேடு. எதிர்ப்பக்கம் என்றால் பள்ளம். சாதாரணப் படத்திலும் இதே மாதிரி பார்த்துவிட்டு எழுதுங்கள்.

இப்போது சுழற்சிக்கு வருவோம். சுழலும் படத்துக்கு உயிரே வெளிச்சம் ஒரு பக்கமாக, தாழ்வாக, அசையாமல் இருப்பதுதான். அப்படி இருந்தால் காசு திரும்பத் திரும்ப ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டத்தில் வெளிச்சத்துக்குக் குறுக்கே வரும், அப்போது நிழல் விழுந்து எழுந்து நிற்கும். வெளிச்சத்தின் திசையிலேயே நீளவாக்கில் கிடக்கும் கோட்டுக்கு நிழலே விழாது, அதனால்தான் ஒற்றைப் படத்தில் சில எழுத்துகள் காணாமல் போகின்றன. நம்ம ஊர் மலையில் பனிமூட்டம் இறங்கிய நாளில் வெளியே வைத்து ஒரு செப்புக்காசை எடுத்துப் பாருங்கள், எல்லாப் பக்கமிருந்தும் ஒரே மாதிரி வெளிச்சம் வருவதால் காசு மொழுக்கென்று இருக்கும். மேகம் விலகி சாயங்கால வெயில் சாய்வாக விழுந்ததும் அதே காசில் தேய்ந்த எழுத்துகூட வாசிக்கக் கிடைக்கும்.

பல வியாபாரிகள் வெள்ளைத் துணிக் கூடாரத்துக்குள் வைத்து நாலு பக்கமும் விளக்குப் போட்டுச் சுற்ற விடுகிறார்கள். அதில் காசு எத்தனை சுற்று சுற்றினாலும் விளிம்பைத் தவிர புதிதாக எதுவும் தெரியாது. கீறல், தேய்ப்பு, பாலிஷ் எல்லாம் அந்த மென்வெளிச்சத்தில் ஒளிந்துகொள்ளும்.

முக்கியமான சோதனை ஒன்று, குறிப்பாக உங்கள் ராஜராஜன் காசுக்கு. பளபளப்பு எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். விளக்கு அசையாமல் காசு மட்டும் சுற்றினால் அந்த மினுக்கம் திரையில் கிட்டத்தட்ட அதே பக்கத்தில் நிற்கும், காசின் உருவம் அதன் அடியில் நகர்ந்து போகும். மினுக்கமும் நிழலும் காசோடு சேர்ந்தே சுற்றினால், ஒரே ஒரு படத்தை எடுத்துக் கணினியில் சுற்ற விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். விளக்கைக் காசோடு சேர்த்துச் சுற்றினாலும் அப்படி வரும்தான், ஆனால் விற்பனைக்கு யாரும் அப்படி எடுப்பதில்லை. முன்பக்கப் படத்தையும் பின்பக்கப் படத்தையும் ஒரு வட்டத்தில் ஒட்டி முப்பரிமாணம் என்று காட்டுவதும் உண்டு, அதில் விளிம்பு வழவழவென்று ஒரே நிறத்தில் இருக்கும். பழைய காசுக்கு அப்படி விளிம்பு கிடையாது.


ஓமலூர் ரோடு எழுதியது:

எனக்கு இந்த வீடியோக்களில் நம்பிக்கையே இல்லை. நிலையான படம் இரண்டு பக்கமும் தெளிவாக இருந்து, எடை கிராமில் இரண்டு தசம இடம் வரைக்கும், விட்டம் மில்லிமீட்டரில் கொடுத்திருந்தால் போதும், அதுவே பாதி வேலை. வீடியோவில் காசு அசைகிறது, கேமராவின் ஃபோகஸ் ஒரு ஓரத்தில் இருந்தால் மறு ஓரம் மங்கல், போதாததற்கு அனுப்பும்போது சுருக்கிவிடுவதில் நுணுக்கமெல்லாம் போய்விடுகிறது. சுற்றுகிற அழகில் மயங்கி விலையைக் கூட்டிக் கேட்க வைக்கும் வேலையாகத்தான் எனக்குப் படுகிறது. எடை எழுதாமல் வீடியோ மட்டும் போடுகிறவரிடம் நான் வாங்குவதில்லை.


சேர்வராயன் லென்ஸ் எழுதியது:

ஓமலூர் ரோடு சார் சொல்லும் குறை எல்லாம் உண்மைதான். வீடியோ வந்துவிட்டது என்று நிலைப்படத்தை விட்டுவிடக் கூடாது. ஆனால் சுழலும் படம் என்றால் வீடியோவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பத்து டிகிரிக்கு ஒன்றாகத் திருப்பி 36 நிலைப்படம் எடுத்து வரிசையாக ஓட்டினால் ஒவ்வொன்றும் முழுத் தெளிவோடு இருக்கும், எதில் வேண்டுமானாலும் நிறுத்திப் பெரிதாக்கலாம். லென்ஸ் துளையை எஃப் 8, எஃப் 11 பக்கம் வைத்தால் சாய்ந்த காசும் ஓரளவு முழுதாக ஃபோகஸில் வரும். இப்படி எடுக்கிறவர் அக்கறையுள்ளவர் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

வீடியோதான் கிடைக்கிறது என்றால் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பச் சொல்லாதீர்கள், டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், சுருங்காமல் வரும். யூடியூபில் போட்டிருந்தால் கணினியில் நிறுத்திவிட்டுக் காற்புள்ளி, முற்றுப்புள்ளி விசைகளை அழுத்தினால் ஒவ்வொரு ஃப்ரேமாகப் பின்னும் முன்னும் போகலாம்.

இதிலேயே உயர்ந்த முறை ஒன்று உண்டு, காசையும் கேமராவையும் அசைக்காமல் விளக்கை மட்டும் இடம் மாற்றி மாற்றிப் பல டஜன் படம் எடுப்பது. 2001இல் ஹியூலட் பேக்கர்ட் ஆய்வகத்தில் டாம் மால்ஸ்பெண்டர் குழுவினர் கொண்டுவந்த கணக்குமுறையிலிருந்து வளர்ந்தது, ஆர்டிஐ (Reflectance Transformation Imaging) என்பார்கள். எல்லாப் படத்தையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் திரையில் மவுஸை நகர்த்தி நம் விருப்பப்படி வெளிச்சத்தைச் சாய்க்கலாம். களிமண் பலகை எழுத்து, தேய்ந்த காசு எல்லாவற்றுக்கும் அருங்காட்சியகங்கள் இதைப் பயன்படுத்துகின்றன. கரூர் அமராவதி ஆற்றுப் பக்கம் கிடைத்த சேரர் காசுகளில் மாக்கோதை, கொல்லிப்பொறை என்று தமிழ் பிராமியில் எழுத்து இருக்கிறதே, அந்த மாதிரி காசை வாசிக்க இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது. விற்பனைப் பக்கங்களில் இதை எதிர்பார்க்க முடியாது. ஆனால் 'விளக்கை இடதுபக்கம் தாழ்வாக வைத்து ஒன்று, வலதுபக்கம் வைத்து ஒன்று, மேலே வைத்து ஒன்று' என்று மூன்று படம் கேட்டால் நல்ல வியாபாரி எடுத்து அனுப்புவார்.


அம்மாப்பேட்டை காசுப்பெட்டி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. லென்ஸ் அண்ணா சொன்ன மாதிரி உட்கார்ந்து பார்த்தேன். ராஜராஜன் காசில் நிற்கும் மன்னனின் தோள்மேல் ஒரு மினுக்கம் இருக்கிறது, காசு சுற்றும்போது அதுவும் தோளைவிட்டு நகராமல் கூடவே சுற்றுகிறது. அப்படியென்றால் அது ஒற்றைப் படம்தான். விற்பவரிடம் நிஜ வீடியோ கேட்டால், 'எல்லோரும் இதைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள்' என்கிறார்.

தெனாரியஸில் மூக்கு நிழலை வைத்துப் பார்த்ததில் கன்னத்தில் இருப்பது மேடுதான், இரண்டு படத்திலும் கணக்கு ஒத்துப்போகிறது, சாதாரணப் படத்தில்தான் விளக்கு கீழே இருந்திருக்கிறது. விளிம்பில் இரண்டு வெடிப்பு, இரண்டுமே எந்தக் கோணத்திலும் உள்ளே இருட்டாகவே இருக்கின்றன. ராவிய தடம் எனக்குத் தெரியவில்லை. எடை 3.72 கிராம் என்று போட்டிருக்கிறார். கன்னத்து மேடு மட்டும் உறுத்துகிறது. காசில் ஏன் மேடு வரும்?


பழங்காசு வாத்தியார் எழுதியது:

தம்பி, மேடு வருவதற்கு இரண்டு காரணம் உண்டு, ஒன்று நல்லது, ஒன்று கெட்டது. காசடித்த அச்சிலேயே ஒரு சில்லு பெயர்ந்திருந்தால் அந்தப் பள்ளத்துக்குள் வெள்ளி புகுந்து காசில் மேடாக நிற்கும், அது அசல் காசிலும் வரும். வார்ப்புப் போலியில் அச்சுக்குள் காற்றுக் குமிழ் தங்கிவிட்டால் உருண்டை உருண்டையாக முத்து மாதிரி மேடு வரும், பெரும்பாலும் ஒன்றோடு நிற்காது, எழுத்து இடுக்குகளிலும் சேர்ந்து கிடக்கும். உங்கள் காசில் ஒரே ஒரு மேடுதானா, அது ஒழுங்கற்ற உருவமா, உருண்டையா என்று பெரிதாக்கிப் பாருங்கள்.

எடை பொருத்தமாகத்தான் இருக்கிறது. அகஸ்டஸ், திபேரியஸ் காலத்துத் தெனாரியஸ் நல்ல நிலையில் 3.6 முதல் 3.9 கிராம் வரைக்கும் நிற்கும். கி.பி. 64 வாக்கில் நீரோ எடையைக் குறைத்த பிறகு வந்த காசு இதைவிட லேசு. இந்த வகை நம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல, தென்னிந்தியாவில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் குவியல்களில் அகஸ்டஸ், திபேரியஸ் காசுகள்தான் அதிகம். நம் சேலம் மாவட்டம் கோனேரிப்பட்டியிலேயே ரோமானிய வெள்ளிக்காசு கிடைத்திருக்கிறது. இதையே வைத்து, 'நம்ம பக்கம் வயலில் இப்போதுதான் கிடைத்தது' என்று யாராவது காசு நீட்டினால் விலகிப் போய்விடுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அதைச் செய்யாமல் விற்கிறவர் சொல்வது பொய்யென்றால் காசு போலி, மெய்யென்றால் குற்றம். உள்நாட்டில் தொழிலாகவே பழம்பொருள் விற்பவருக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும், அதையும் கேட்கத் தயங்காதீர்கள்.

சுழலும் படம் பிடிக்க முடியாத போலி ஒன்று இருக்கிறது, அதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். இப்போது புதிதாக அச்சு வெட்டி, நல்ல வெள்ளியில் அடித்தே போலி செய்கிறார்கள். அதில் வார்ப்புக் கோடும் வராது, குமிழும் வராது, வெடிப்பும் நிஜ வெடிப்பாகவே இருக்கும், எடையும் சரியாக வரும். அதற்கு ஒரே வழி ஒப்பிட்டுப் பார்ப்பது. திபேரியஸின் இந்த வகைக்கு அமெரிக்க நாணயவியல் சங்கம் நடத்தும் ரோமானியக் காசு அட்டவணையில் நிறைய எடுத்துக்காட்டுகள் கிடைக்கும், பழைய ஏல முடிவுகளின் படங்களையும் தேடலாம். போலிகளுக்கென்றே படத்தொகுப்பு வைத்திருக்கும் தளங்களும் இருக்கின்றன. கன்னத்தில் அதே மேடு உள்ள வேறு காசு கிடைத்தால், இரண்டும் ஒரே அச்சில் அடித்தவை, அதில் தவறில்லை. ஆனால் அதோடு விளிம்பின் உருவமும் வெடிப்பு இருக்கும் இடமும் தேய்மானமும் இரண்டிலும் ஒன்றாக இருந்தால், ஒரு தாய்க்காசிலிருந்து எடுத்த வார்ப்பு. சுத்தியலால் கையில் அடித்த இரண்டு காசு அப்படி ஒத்துப்போக வழியே இல்லை. அங்கேதான் உங்கள் சுழலும் படம் மறுபடி உதவும், ஏனென்றால் முழு விளிம்பையும் ஒப்பிட அதில் மட்டும்தான் கிடைக்கிறது. முன்பக்கத் தலை நேராக நிற்கும்போது பின்பக்க உருவம் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்ற கோணமும் அதிலேயே தெரிந்துவிடும், அதையும் ஒப்பிடலாம்.

ராஜராஜன் காசை அவரிடம் வாங்க வேண்டாம். நிற்கும் மன்னன் ஒருபக்கம், உட்கார்ந்த உருவமும் நாகரியில் ஸ்ரீ ராஜராஜ என்ற எழுத்தும் மறுபக்கம் உள்ள அந்தச் செப்புக்காசு அபூர்வமானதே அல்ல, பொறுமையாகத் தேடினால் நேரில் பார்த்தே வாங்கலாம்.


செவ்வாய்ப்பேட்டை பட்டறை எழுதியது:

வாத்தியார் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பாலிஷ் போட்ட காசையும் போடாத காசையும் மினுக்கத்தை வைத்து ஓரளவு பிரிக்கலாம். அடித்த காசில் உலோகம் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடியிருக்கும், தேயாமல் இருந்தால் சாய்க்கும்போது வெளிச்சம் வண்டிச் சக்கரத்து ஆரக்கால் போலப் பட்டையாகச் சுற்றி வரும். பாலிஷ் போட்டால் அது செத்துவிடும், காசு மொத்தமும் ஒரேயடியாகப் பளீரென்று மின்னும், அடுத்த கோணத்தில் மொத்தமும் அணையும். பழைய காசு என்று சொல்லிவிட்டு அப்படி மின்னினால் யாரோ நன்றாகத் தேய்த்திருக்கிறார்கள். எழுத்து இடுக்குகளில் கறுப்பு இருந்து மேடுகள் வெளுத்திருப்பது இயல்பு, ஆனால் அந்தக் கறுப்பையும் பட்டறையில் கந்தகம் வைத்து ஒரு மணி நேரத்தில் கொண்டுவந்துவிடலாம், அதனால் கறுப்பை மட்டும் சாட்சியாக வைக்காதீர்கள்.


சேர்வராயன் லென்ஸ் எழுதியது:

செப்புக்காசு தேடும்போது இதையும் பாருங்கள் தம்பி. சாதாரண பச்சைக் களிம்பு கெட்டியாக இருக்கும், காசு திரும்பும்போது ஏதாவது ஒரு கோணத்தில் லேசாக மினுங்கும். வெளிர்பச்சையாக மாவு மாவாக இருந்து, எந்தக் கோணத்திலும் மினுங்காமல் செத்தாற்போல் கிடந்தால் அது செம்பை உள்ளிருந்து அரிக்கிற நோய். உப்பும் ஈரமும்தான் காரணம், துடைத்தால் மறுபடி வரும், பக்கத்தில் உள்ள காசையும் நம்ப முடியாது. ஏற்காடு மாதிரி ஈரமான இடத்தில் வைத்திருந்தால் ஒரு மழைக்காலத்தில் காசு முகமே போய்விடும்.


அம்மாப்பேட்டை காசுப்பெட்டி எழுதியது:

கன்னத்தில் ஒரே ஒரு மேடுதான், ஒழுங்கற்ற உருவம், எழுத்து இடுக்குகள் சுத்தமாக இருக்கின்றன. ஏலப் படங்களைத் தேடியதில் அதே இடத்தில் அதே மேடோடு ஒரு காசு கிடைத்தது, ஆனால் அதன் விளிம்பு உருவம் வேறு, வெடிப்பே இல்லை, தலை கொஞ்சம் இடதுபக்கம் தள்ளி விழுந்திருக்கிறது. போலித் தொகுப்புகளில் இது இல்லை. விளக்கை மூன்று பக்கம் வைத்துப் படம் கேட்டிருந்தேன், மறுநாளே அனுப்பிவிட்டார். வாங்கலாம் என்று இருக்கிறேன். வேறு எதையாவது கேட்டு வைத்துக்கொள்ள வேண்டுமா?


பழங்காசு வாத்தியார் எழுதியது:

அச்சு ஒன்று, காசு வேறு என்பது நல்ல அடையாளம், வாங்குங்கள். அசல் இல்லையென்று தெரிந்தால் எப்போது வேண்டுமானாலும் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று எழுத்தில் கேளுங்கள். சில நாளுக்குள் மட்டும் என்று சொன்னால் போதாது, ஏனென்றால் போலி என்று தெரிவதற்கே சில சமயம் வருஷக்கணக்காகும். இந்தக் காசு முன்பு யாரிடம் இருந்தது, எந்த ஏலத்தில் போனது என்ற விவரத்தையும் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். சுங்க வரி எவ்வளவு ஆகும் என்பதை முன்கூட்டியே விசாரித்து விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பார்சல் வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுத்துக்கொண்டு, முதல் வேலையாக எடை போடுங்கள், பிறகு அந்தச் சுழலும் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு விளிம்பு வெடிப்பு இரண்டும் அதே இடத்தில் இருக்கின்றனவா என்று லூப் வைத்துச் சரிபாருங்கள். படத்தில் காட்டிய காசுதான் கைக்கு வந்ததா என்பதற்கு அதைவிட உறுதியான சாட்சி இல்லை, அதனால் அந்த வீடியோவை இப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், விற்றுப்போனதும் பலர் பக்கத்தை எடுத்துவிடுவார்கள்.